உளுந்தஞ்சோறு பொங்கும் நாளில் வீட்டில் இராதவர்

வெண்டைக்காய் ஏலம் நடந்துகொண்டிருந்த காலை நேரம். தராசில் ஒரு சாக்கை ஏற்றும்போது செய்தி வந்தது. சுடலைமுத்து அண்ணாச்சி தூக்கத்திலேயே போய்விட்டார். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் முப்பது வருடம் மூட்டை சுமந்தவர். எடை போடும் எனக்கும் அவருக்கும் அதில் பாதிக் காலப் பழக்கம். அந்தச் சாக்கை யாரிடம் கொடுத்துவிட்டு ஓடினேன் என்று இப்போதும் நினைவில்லை.

சமைக்காமல் பச்சையாகத் தின்றே போய்விட்டார் என்று துட்டி கேட்க வந்த வீட்டிலேயே சிலர் பேசினார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அண்ணாச்சிக்குச் சர்க்கரை கூடியது, முழங்கால் வீங்கியது. குற்றாலத்தில் யாரோ இலவசமாக நடத்திய இயற்கை உணவு முகாமுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சமைக்காமல் சாப்பிடச் சொல்லி அங்கே பேசியவர், பாதாம், அத்திப்பழம், பேரீச்சை என்று அடுக்கிக்கொண்டே போனார். அண்ணாச்சி எழுந்து கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"அய்யா, நான் சொமக்குத காயி வெண்டையும் வெள்ளரியும்தான். அதை வச்சு ஒரு வழி சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. வழியை அவரே கண்டுபிடித்துக்கொண்டார். சந்தை முடியும் நேரத்தில், விலை போகாத கோணல் வெள்ளரியையும் வெடித்த தக்காளியையும் முனை ஒடிந்த கேரட்டையும் கேட்டு வாங்குவார். சும்மா வாங்க மாட்டார்; கடை வாசலைக் கூட்டிக் கொடுத்துவிட்டுத்தான் எடுப்பார். அதோடு ஊறவைத்த நிலக்கடலை, முளைகட்டிய பாசிப்பயறு, ஒரு மூடித் தேங்காய். தூக்குவாளி நிறைந்துவிடும். டாக்டர் கொடுத்த மாத்திரையை அவர் ஒருநாளும் நிறுத்தவில்லை.

முதல் வாரத்தில் சேனைக்கிழங்கை நறுக்கிப் பச்சையாகத் தின்றுவிட்டு, தொண்டை அரிக்க, புளித்தண்ணீரைக் கொப்பளித்தபடி வந்து நின்றார். அத்தனை வருடம் அதைத் தலையில் சுமந்தவர், ஒருநாளும் அடுப்பங்கரையை எட்டிப் பார்த்ததில்லை. பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? சந்தையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

ஆனால் அவர் யாருக்கும் புத்தி சொன்னதில்லை. நான் பரோட்டா தின்னும்போது எதிரே உட்கார்ந்து வெள்ளரியைக் கடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்.

அந்த முதல் வருடச் சீசனில் குற்றாலத்து ஓட்டலுக்குக் காய் இறக்கிவிட்டு ஐந்தருவிப் பக்கம் ஒதுங்கினோம். நல்ல சாரல். தூக்குவாளியைத் திறந்தவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு, இன்று வீட்டில் உளுந்தஞ்சோறு என்றார். அவர் மனைவி பேச்சியம்மாள் மதினி அரிசியும் உளுந்தும் சேர்த்துத் தேங்காய்ப்பூ போட்டுப் பொங்கும் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் சந்தை வரைக்கும் பேர் பெற்றவை.

"அவ அதைப் பொங்குத அன்னைக்கு நான் வீட்ல இருக்க மாட்டேம்லே. இருந்தா தோத்துருவேன்." தூக்குவாளியை மூடிக்கொண்டே சொன்னார்: "அவட்ட சொல்லிராத. சொன்னா எனக்காவ அதைப் பொங்குததையே விட்டுருவா. அவளுக்கும் அதுன்னா உசுரு."

நான் சொல்லவில்லை.

அண்ணாச்சியை எரித்துவிட்டு வந்த மறுநாள், மதினி தாமாகவே பேச்செடுத்தார். "உளுந்தஞ்சோறு வாடையே அவியளுக்கு ஆகாமப் போச்சு, தம்பி. பொங்குனா எந்திரிச்சு வெளிய போயிருவாவ. அஞ்சு வருசமா நானும் பொங்கல."

மதினி ஆசையாகச் சாப்பிடட்டும் என்று அவர் வெளியே போனார். அவர் வீட்டில் இருக்கட்டும் என்று மதினி அதை விட்டார். இரண்டுக்கும் நடுவில், விஷயம் தெரிந்த நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் மேலேயே ஆத்திரமாக வந்தது. ஐந்தருவியில் அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொல்லிவிட்டேன். "தோத்துருவேன்னா சொன்னாவ?" என்று மதினி இரண்டு முறை கேட்டார். பிறகுதான் அழுதார்.

பதினாறாம் நாள் படையலுக்குப் பச்சைக் காயே போதும் என்றார்கள் உறவுக்காரர்கள். மதினி கேட்கவில்லை. இலையில் ஆவி பறக்க உளுந்தஞ்சோற்றை வைத்தார், எள்ளுத் துவையலை வைத்தார். பக்கத்திலேயே அவருடைய தூக்குவாளி. அதில் முளைகட்டிய பயறும் ஒரு கோணல் வெள்ளரியும். அண்ணாச்சியின் படத்தைப் பார்த்துச் சொன்னார்: "இன்னைக்கு எங்கனயும் எந்திரிச்சுப் போவப்படாது."

அண்ணாச்சி, சொல்லாதே என்றீர்கள், சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்று மதினி அந்தச் சோற்றை இரண்டாம் தடவையும் போட்டுச் சாப்பிட்டார். நிம்மதியாகப் போய் வாருங்கள்.