விளக்கடிக்கு வந்த ஆமைக்குஞ்சுகள்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. எழுத உட்கார்ந்தால் பாதி மறந்தும் போகும். வாரா வாரம் இந்தப் பத்தியைப் பொறுத்துக்கொள்கிறீர்கள், இந்த வாரமும் பொறுத்துக்கொள்ளுங்கள். கோபத்தில் வேறு இருக்கிறேன் — எழுத்து இன்னும் கோணலாக வரும்.

பட்டினப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்புக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ரோடு, கொஞ்சம் மணல். அவ்வளவுதான். தெற்கே நடந்தால் அடையாறு கடலில் சேரும் முகத்துவாரம். பறவைகள் இடம், தொந்தரவு செய்யாதீர்கள் என்று போர்டு இருக்கிறது. போர்டின் மேல் நீர்க்காகம் உட்கார்ந்து சிறகு காயவைக்கும். கீழே சாக்கடைத் தண்ணீரில், பிளாஸ்டிக் பைகளுக்கு நடுவே, உள்ளான்கள் நெட்டைக்கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து இரை தேடும். பாதுகாப்பு என்றால் போர்டுதான் போலிருக்கிறது!

கொஞ்ச நாள் முன்னால் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் கேட் தூணில் பெரிய ஃபோகஸ் லைட் மாட்டினார்கள். கடலைப் பார்த்து. ரோட்டில் செயின் அறுக்கிறார்களாம். நல்ல காரணம்தான்.

போன வாரம் விடிகாலையில் பால் வாங்க இறங்கினேன். லைட்டுக்குக் கீழே தரையெல்லாம் ஏதோ நெளிந்தது... ஆமைக்குஞ்சுகள்! உள்ளங்கையில் அடங்கும். கறுப்பாக, துடுப்பு மாதிரி கைகள். முட்டையிலிருந்து வந்ததும் கடல்மேல் தெரியும் வெளிச்சத்தைப் பார்த்துத் தண்ணீருக்குப் போகவேண்டியவை, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கள் லைட்டைத் தேடி வந்திருக்கின்றன. மணலில் தடம் அப்படியே இருந்தது. ஒரு தடம்கூடத் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. ரோட்டில் நசுங்கிக் கிடந்தவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

கூட்டம் கூடிவிட்டது. மூன்றாவது மாடி சுந்தரம் சார் வந்தார். பெரிய ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர்.

"கூர்மாவதாரம்னா! பெருமாள் நம்ம வாசலுக்கே வந்திருக்கார். யாராவது பக்கெட்ல தண்ணி பிடிச்சுண்டு வாங்கோ!"

பக்கெட் வந்தது. குங்குமமும் வந்தது. ஒவ்வொரு குஞ்சின் முதுகிலும் பொட்டு வைத்து உள்ளே விட்டார். ஆட்டோவுக்கும் ஆள் போனது. மயிலாப்பூரில் ஒரு கோயில் குளத்தில் விடப்போகிறாராம்.

"சார், கடல்லயே விட்டுடலாமே... இதோ இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்காது.

"இந்தக் கடல்லயா? சாக்கடை கலக்கறது. கரையில காக்கா காத்துண்டிருக்கு. குளம்னா தீர்த்தம். பொரி போடறா. பயமே இல்லை."

"குளத்து ஆமை வேற, இது வேற சார்..."

"பெரியம்மா, ஆமையிலயும் ஜாதி பார்க்கறேளா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். கூட்டத்தில் வேறென்ன செய்ய?

அப்போது மீன் கூடையோடு கன்னியம்மா வந்தாள். பக்கத்துக் குப்பத்துக்காரி, எனக்குப் பல வருடப் பழக்கம். பக்கெட்டை எட்டிப் பார்த்தாள்.

"அய்ய... பங்குனி ஆமைக் குஞ்சு, கடல்ல கீறது. எங்காளுங்க வலையில பெருசு மாட்டிக்கினா குங்குமம் வச்சு, சூடம் காட்டி, கடல்லதான் உடுவாங்க. நீ இன்னாத்துக்கு சாமி ஆட்டோ ஏத்துற?"

"மீன் விக்கறவ ஜீவகாருண்யம் பேசறா, கேட்டேளா?"

"நான் விக்கிறது செத்த மீனு நைனா. நீ உசுரோட இட்டுக்கினு போற!"

ஆட்டோ கிளம்பிவிட்டது.

சைக்கிள் ஸ்டாண்டுக்கு அடியில் சில குஞ்சுகள் மிச்சம் இருந்தன. நானும் கன்னியம்மாவும் பொறுக்கினோம். என் முந்தானையில் கட்டிக்கொண்டு போய் ஈர மணலில் விட்டோம். காக்காய்கள் தாழ வந்தன. நான் கையை வீசிக் கத்தியும் இரண்டைத் தூக்கிவிட்டன. மற்றவை அலையைத் தொட்டதும், அந்தச் சின்னக் கைகள் அடித்த அடி... அடேயப்பா! அப்புறம் பிழைத்தனவா, தெரியாது.

"உடும்மா. காக்காவுக்கும் வயிறுன்னு ஒண்ணு கீதில்ல" என்றாள் கன்னியம்மா.

மனது கேட்காமல் வெள்ளிக்கிழமை அந்தக் குளத்துக்குப் போனேன். பொரியும் வாடிய பூவும் படியோரம் ஒதுங்கியிருந்தன. நடுவே அவையும் மிதந்தன. ஒன்றின் முதுகில் குங்குமம் இன்னும் அழியவில்லை. சுத்தம் செய்கிறவர் எல்லாவற்றையும் சேர்த்து வலைக்கூடையில் அள்ளினார்.

சுந்தரம் சாரிடம் சொன்னேன்.

"தீர்த்தத்துலதானே போச்சு? மோட்சம்தான், போங்கோ" என்றார்.

காக்காய் பசிக்குக் கொன்றது. நாங்கள் பக்தியில் கொன்றோம். காக்காயிடம் ஒரு நேர்மை இருக்கிறது... கொன்றதைச் சாப்பிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றேன். குஞ்சு பொரிக்கும் சமயத்தில் மட்டும் லைட்டை அணைத்துவைக்கலாமா என்று கேட்டேன்.

"ஆமைக்காக மனுஷன் இருட்டுல கெடக்கணுமா?" என்றார் ஒருவர். ஆனால் ரோட்டில் நசுங்கியது பாவம் என்று எல்லாருக்குமே வருத்தம். அதனால் ஒரு தீர்மானம் போட்டார்கள். என்ன தெரியுமா? வண்டி ஓட்டுகிறவர்கள் கண்ணுக்குக் குஞ்சுகள் தெரியவேண்டும் அல்லவா... இன்னொரு லைட் மாட்டப்போகிறார்கள்.

நேற்று கன்னியம்மா என்னைக் கூட்டிப்போய் ஓர் இடம் காட்டினாள். கவிழ்த்த படகுக்குப் பக்கத்தில், மணலுக்குள் இன்னொரு ஆமை முட்டை இட்டிருக்கிறதாம். நாய்கள் இன்னும் மோப்பம் பிடிக்கவில்லை. போன பௌர்ணமிக்கு மறுநாள் இட்டது, பொரிய ஒன்றரை மாதம் ஆகும் என்கிறாள். இரண்டு மாதம் என்று யாரோ சொன்னதாகவும் எனக்கு ஞாபகம். என் ஞாபகத்தை நம்பமுடியாது. விஷயம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்து, எது சரி என்று பத்திரிகைக்கு எழுதிப்போடுங்கள். கொஞ்சம் சீக்கிரம்.

எங்கள் சங்கத்தில் யாரும் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை. லைட்டின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பார்த்துவைத்துவிட்டேன்.