தலையில் வார்த்த தண்ணீர்

செல்வநாயகி தலையில் தண்ணீர் ஊற்றித் தோய வார்த்துத்தான் புருசனுக்குப் பேச்சுப் போனதாம் என்று எங்கள் ஊரான பண்டத்தரிப்பில் கதை. எனக்கு அது லண்டனில், ஊர்க்காரன் சண்முகநாதன் வாயால் வந்தது. அவனுக்கு அவன்ரை தாய் எழுதியிருந்தா. செல்வநாயகி என்ரை அக்கா.

ஊரில் பிள்ளை பிறந்தால் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். பச்சைக் குழந்தையைக் காலில் கிடத்தி, வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரை உள்ளங்கையால் தடுத்துத் தடுத்து வார்ப்பா. காய்ச்சல் மாறி எழும்பினவர்களுக்கும் முதல் முழுக்கு அவவின்ரை கையால்தான். இவ வார்த்தால் சளிக்கே காய்ச்சல் வந்து ஓடிவிடும் என்று அத்தான் முத்துக்குமாரு பகிடி விடுவார்.

எண்பத்தொன்பது மாசியில், வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்ற அத்தானுக்குப் பாரிசவாதம் வந்தது. வலக்கை மட்டும் விழுந்தது. பேச்சு இருந்தது. இரண்டு நாளில் ஆசுபத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். மூன்றாம் நாள், தலை கொதிக்குது என்று அவரே கேட்க, அக்கா இளஞ்சூட்டில் வார்த்தா. பொழுதுபட நாக்குக் குழறியது. விடிய, காலும் இல்லை, பேச்சும் இல்லை.

ஆய்வுகூடத்தில் வேலை செய்கிற தம்பிக்குத் தெரியும் என்று, ஏன் இப்படி ஆனது என்று அக்கா எனக்கு எழுதிக் கேட்டா. நான் பதற்றத்தில் ஒரே வரி எழுதினேன்: தலையில் ஏன் வார்த்தனீங்கள்?

அதை அவ தீர்ப்பாக எடுத்துவிட்டா. பிறகு அத்தானைத் தொட்டுக் கழுவவே இல்லை. பக்கத்து வீட்டுப் பூரணம் துணி நனைத்துத் துடைக்கிறாவாம், முதுகு புண்ணாகிவிட்டதாம். அக்கா சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டு வெளியே போய் நிற்கிறாவாம். பூரணம் உள்ளே கூப்பிட்டதற்கு அக்கா சொன்னதைச் சண்முகநாதன் தாயின் கடிதத்திலிருந்து வாசித்துக் காட்டினான்.

"என்ரை கையிலைதான் வினை. தம்பியே கேட்டிட்டான்."

எங்கள் ஆய்வுகூடத்தில் எலிகளின் மூளையைப் பார்க்கிறோம். இரத்தம் தடைப்பட்ட இடம் முதலில் செத்துவிடும். சுற்றியுள்ள உயிர்க்கலங்கள் சில புரதங்களை வெளிவிட்டு ஒன்றுக்கொன்று சேதி சொல்லும். அந்தச் சேதியே வீக்கத்தைக் கூட்டி, சேதத்தை இரண்டு மூன்று நாள் வளர்க்கிறது என்று சந்தேகிக்கிறோம். அந்த எலிகளுக்கு ஒருவரும் தண்ணீர் வார்க்கவில்லை.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் அந்த வரியை எழுதினேன்.

கடிதம் போய்ச்சேர மாதமாகும். புண் அதுவரை பொறுக்காது. ஊர்ச் சந்தியில் கடை வைத்திருக்கும் நடராசாவிடம் தொலைபேசி உண்டு. ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு அக்காவைக் கூட்டிவந்து வைத்திருக்கும்படி அவருக்குத் தந்தி அடித்தேன். குழறாமல் சொல்வதற்காகத் தாளில் எழுதியும் வைத்திருக்கிறேன்: "அக்கா, பிழை உங்கடை கையிலை இல்லை. நான்தான் பிழையாக் கேட்டனான். அத்தானை நீங்களே கழுவுங்கோ."

ஊரில் இப்போது மூன்றே கால். இப்போதுதான் இணைப்புக் கிடைத்தது. நடராசாவின் கடையில் மணி அடிக்கிறது. இன்னும் ஒருவரும் எடுக்கவில்லை.