எடுப்பு முடிந்த மறுநாள்

குரங்கணிக்கு மேலே, ஜீப்பு ரோடு முடிகிற பாறையடியில், கற்பகம் கறுப்பு ஓஸ் குழாய்ச் சுருள்களைப் பார்த்தபடி நின்றாள். போடியிலிருந்து லோடு ஏற்றி வந்த ஜீப்பு இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. சுமக்க வந்திருந்தது அவளுடைய மேல்குடியிருப்பு ஆட்கள் மட்டும். கீழ்குடியிருப்பிலிருந்து ஈ காக்காய் இல்லை.

பொட்டிபுரத்திலிருந்து இந்த ஏலமலைக்கு வாக்கப்பட்டு வந்ததிலிருந்து கோடை என்றாலே அவள் இடுப்பில் குடம்தான். ஊற்று வற்றிவிடும், உச்சி ஓடைக்கு ஏற வேண்டும். அந்தத் தண்ணீரை ஓஸ் போட்டு இரண்டு குடியிருப்புக்கும் இறக்கலாம் என்று பஞ்சாயத்துக்கு நடையாய் நடந்தவள் அவள். ஓஸ் கிடைத்தது. அதை ஒரே பகலில் ஓடைக்கரைக் குகையில் சேர்த்துவிட வேண்டும். ராத்திரி வெளியில் கிடந்தால் காட்டுமாடு மிதித்து நசுக்கிவிடும். பஞ்சாயத்து இன்னொரு தடவை தராது.

இதையெல்லாம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வாசலில் இரண்டு குடியிருப்பையும் கூட்டி, குச்சியால் தரையில் கோடு இழுத்துச் சொல்லியிருந்தாள். என்றைக்கு வர வேண்டும் என்று பக்கத்து வீட்டு ராக்கையா கேட்டபோது, இந்த எடுப்பு முடிந்த மறுநாள் என்றாள். மலையில் நாள் கணக்கை அப்படித்தான் சொல்வார்கள். தோட்டம் முழுக்க ஒரு சுற்றுக் காய் பறித்தால் அது ஓர் எடுப்பு, மறுநாள் ஓய்வு. அத்தனை தலையும் ஆடியது.

விறுவிறுவென்று கீழ்குடியிருப்புக்கு இறங்கினாள். அங்கே கங்காணி விஜயபாண்டி கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே, சொன்னா வரமாட்டீகளா?"

"வந்தோமே ஆத்தா. புதன்கிழமை பூராப் பாறையடியில உக்காந்திருந்தோம். நீயும் இல்ல, ஓஸ்சும் இல்ல. நம்மள வச்சு வெளாடுறாகன்னு எம்பொண்டாட்டி இன்னும் ஏசுறா."

அப்போதுதான் உறைத்தது. கீழ்ச்சரிவில் வெயில் அதிகம், காய் முந்திப் பழுக்கும். அவர்களுக்கு எடுப்பு செவ்வாயோடு முடிந்துவிட்டது. மேலே நேற்று, சனிக்கிழமைதான் முடிந்தது. இத்தனை வருஷம் காய் பறித்தவளுக்கு இது தெரியாததில்லை. தெரிந்ததை நினைத்துப் பார்க்காமல் சொல்லிவிட்டு, அதைத் திட்டம் என்று நம்பியிருந்தாள். எல்லோரும் சொல் தவறாமல் வந்திருந்தார்கள். யார் மேல் எரிந்து விழுவது?

"ஒரு போனு போட்டிருக்கலாம்ல?"

"டவர் கிடைக்கணும்னா உங்க குடியிருப்புக்குத்தான் ஏறி வரணும்."

கற்பகம் பல்லைக் கடித்தாள். "தப்பு எம்மேலதான். இப்ப வெரசா ஆளக் கூட்டிட்டு வாங்க. பொழுது சாஞ்சா மாடு எறங்கிரும்."

சாயாவை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். ஆனாலும் ஊரையே கிளப்பிக்கொண்டு வந்தார். கம்பில் கோத்த சுருளை இரண்டிரண்டு பேராய்த் தோளில் ஏற்றி, ஏற்றம் முழுக்கக் கற்பகத்தைத் திட்டிக்கொண்டே சுமந்தார்கள். புதன்கிழமை வீணானதை அவர் மனைவி வளைவுக்கு வளைவு நினைவுபடுத்தினாள். வெளிச்சம் மங்குவதற்குள் கடைசிச் சுருளும் குகைக்குள் போய்விட்டது.

மழைக்கு முன்னால் ஓஸைப் பதிக்க வேண்டுமே, அது எப்போது என்று ராக்கையா மூச்சு வாங்கக் கேட்டான்.

"அடுத்த எடுப்பு முடியட்டும்" என்றார் விஜயபாண்டி. எல்லாத் தலையும் ஆடியது.

கற்பகம் இறங்கும் பாதையை மறித்து உட்கார்ந்துகொண்டாள். "கெழமையச் சொல்லுங்க. ஆளாளுக்கு வாயத் தொறந்து சொல்லாம ஒருத்தரும் எறங்கக் கூடாது."

 விஜயபாண்டி தொண்டையைச் செருமினார். "ஞாயித்துக்கெழம."

"எந்த ஞாயிறு?" என்றாள் கற்பகம்.