பிறவிக் கை

மெல்லிசைக் குழுவில் அவளை எல்லோரும் 'கடிகாரம்' என்றே கூப்பிட்டார்கள். டிரம் செட்டின் பின்னால் பதினொரு வருடம் உட்கார்ந்து, ஒரு பாட்டிலும் தாளத்தை முன்னே ஓடவிடாமலும் பின்னே இழுபடவிடாமலும் காத்ததற்குக் கிடைத்த பட்டம். முதலில் அதில் அவளுக்குப் பெருமைதான். கடிகாரத்தை யாரும் நின்று ரசிப்பதில்லை, மணி தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்பது தங்கை அதே குழுவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அவளுடைய பகல்கள் ஒரு சலவை ஆலையில் கழிந்தன. மருத்துவமனைகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து உலர்த்தி, சூடான பெரிய உருளைகளுக்குள் விட்டுத் தேய்த்து எடுக்கிற இடம். விரிப்பின் ஒரு மூலையை இவள் பிடிக்க, மறுமூலையை எதிரே நிற்பவள் பிடிக்க, இரண்டு பேரும் ஒரே நொடியில் உருளைக்குக் கொடுக்க வேண்டும். ஒருத்தி அரை நொடி முந்தினாலும் துணி கோணலாக உள்ளே போய்ச் சுருண்டுவிடும். பதினெட்டு வயதில் அங்கே சேர்ந்தாள். அப்பா வீட்டை விட்டுப் போயிருந்தார். அம்மா படுக்கையில் கிடந்தாள். தங்கைக்கு ஆறு வயது. வேறு ஆள் இல்லாததால் அவள் போனாள். இப்போது நாற்பத்தொன்று ஆகிறது, இன்னும் போய்க்கொண்டிருக்கிறாள். கூட வேலை பார்த்த ஒருவர் ஊரை விட்டுக் கிளம்பும்போது விட்டுச்சென்ற பழைய டிரம் செட் ஒன்றுதான் அவளுக்கு வாழ்க்கையில் கேட்காமல் கிடைத்த பொருள். அம்மா இறந்த பிறகு முன்னறையில் அதைப் போட்டு, அக்கம்பக்கம் சண்டைக்கு வராமலிருக்க எல்லாத் தோலின் மேலும் ரப்பர் வட்டுகளை வைத்துத் தானே பழகினாள்.

பாட்டில் ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் முன் கொஞ்சம் காலி இடம் இருக்கும். டிரம் வாசிப்பவர் அங்கே தாளத்தை விட்டு இறங்கி, நாலு தெரு சுற்றிவிட்டு, அடுத்த வரியின் வாசலில் நேரம் தவறாமல் வந்து நிற்பார். அதற்கு ஃபில் என்று பெயர். கடிகாரத்தின் ஃபில் எல்லாப் பாட்டுக்கும் ஒன்றுதான். மடிக்கு நேரே இருக்கும் ஸ்னேர் டிரம்மில் நாலு, அதற்கு மேலே இருக்கும் டாம் டிரம்மில் நாலு, சிம்பல் தட்டில் ஒன்று. தப்பே வராது. யாரும் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் உருளையில் பட்டு அவளுடைய இடது கை வெந்தது. கை ஆறுகிற வரைக்கும் என்று, ஐந்து வருடமாக வீட்டில் அந்த செட்டைத் தட்டிக்கொண்டிருந்த தங்கை ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆறு வாரத்தில் கை ஆறிவிட்டது. தங்கை எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து ஆளுக்குப் பாதிப் பாட்டு.

தங்கையின் ஃபில் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. திடீரென்று நடுவில் ஒரு நொடி மூச்சு விடும், பிறகு மூன்றாகவும் இரண்டாகவும் உடைந்து கொட்டும், விழப்போகிறது என்று நினைக்கும்போது எழுந்து நிற்கும். கூட்டம் கை தட்டும். கடிகாரம் திரை ஓரத்தில் நின்று அந்தக் கைதட்டலை அளப்பாள். தன் பாட்டுக்கு இத்தனை நேரம், அவள் பாட்டுக்கு அத்தனை நேரம். ஒருமுறை தங்கையின் கையிலிருந்து குச்சி நழுவி விழுந்தபோது அவள் நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது. அன்று தங்கைக்குப் பிடித்ததைச் சமைத்துப் போட்டாள், தன் மனம் தனக்கே தெரிந்துவிட்ட கூச்சத்தில்.

"பிறவிக் கைம்மா உன் தங்கச்சிக்கு," என்பார் கீபோர்டுக்காரர். குழு அவருடையது. "ரத்தத்துலயே இருக்கு."

ரத்தத்தில் இருக்கிறதென்றால் அக்காவுக்கும் அதே அப்பா, அதே அம்மாதானே? இடையில் பன்னிரண்டு வருடத்தில் ரத்தம் மாறிவிட்டதா? ஆனால் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பிறவி, வம்சம், வரம் என்ற மூன்று சொற்களை வைத்துக்கொண்டு உலகம் எத்தனை பேரை மேடையில் ஏற்றியது, எத்தனை பேரை வாசலோடு நிறுத்தியது! யார் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள், அந்த நேரம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கிற சிரமத்தை இந்தச் சொற்கள் மிச்சப்படுத்துகின்றன. வெட்கக்கேடு என்னவென்றால், கடிகாரமும் இதை நம்பினாள். நம்புவது அவளுக்கு வசதியாக இருந்தது. தங்கைக்கு வரம் என்றால், தன்னிடம் இல்லாததற்குத் தான் பொறுப்பில்லை அல்லவா?

அந்தச் சமயத்தில்தான் கீபோர்டுக்காரர் குண்டைப் போட்டார். அடுத்த ஆறு மாதத்துக்கு ஒரு புதிய அரங்கில் நிகழ்ச்சி. மேடை சின்னது.

"டிரம்முக்கு ஒருத்தர்தான். ரெண்டு வாரம் கழிச்சு ரெண்டு பேரும் ஒரே பாட்ட வாசிங்க. பல்லவிக்கு முன்னாடி நாலு எண்ணிக்கை காலியா விடறேன். அதுல என்ன பண்றீங்கன்னு பாத்து முடிவு பண்ணிக்கலாம்."

"இதுக்கு எதுக்கு ரெண்டு வாரம்? ஆறு மாசத்துக்கு ஆறு பாட்டரி வாங்கிப் போட்டா கடிகாரம் ஓடிடுமே," என்றான் பேஸ் கிதார் வாசிக்கிற நெட்டையன். எல்லோரும் சிரித்தார்கள். தங்கையும்.

அந்த ஸ்டூல் போனால் அவளுக்கு மிச்சம் சலவை ஆலையும் சமையலறையும்தான். அது அவளுக்குத் தெரியும். சிரித்தவர்களுக்குத் தெரியாது.

மறுநாள் ஆலையில் உருளையின் பெல்ட் அறுந்துபோய் மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தங்கைக்குக் கண்ணாடிக் கடையில் காலை நேர வேலை. ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். அக்கா கதவைத் திறந்ததும் முன்னறையிலிருந்து தன்னுடைய குரலே கேட்டது. தன்னுடைய எரிச்சல், தன்னுடைய இழுப்பு, அச்சு அசல்.

"பாத்திரத்த கழுவிட்டுப் போடி."

யாரிடமோ போனில் தன்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் இடைகழியில் நின்றாள். அறையில் வேறு யாரும் இல்லை, போனும் இல்லை. தங்கை முதுகைக் காட்டிக்கொண்டு டிரம் செட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"பாத்-தி-ரத்-த." ஸ்னேரில் நாலு. "க-ழு-விட்-டுப்." டாமில் நாலு. "போ." பெரிய டாம். "டி." சிம்பல். எங்கே அக்கா அழுத்திச் சொல்வாளோ அங்கே குச்சியும் அழுத்தி விழுந்தது. ஆமை வேகத்தில் ஒரு முறை. மறுபடி. மறுபடி. 'விட்'டில் இடது கை தடுமாறியது. தங்கை தன்னையே ஒரு கெட்ட வார்த்தையால் திட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினாள். விரல்களில் பிளாஸ்திரி. பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு வேறொன்று: "எத்தன வாட்டி சொல்றது." மூன்று, இரண்டு, மூன்று. கூட்டம் போன மாதம் எழுந்து நின்று கைதட்டியது இதற்குத்தான்.

கடிகாரம் சத்தமில்லாமல் படியிறங்கி, தெருமுனை வரை நடந்தாள். மாலையில் சமையலறை வரை கேட்கும் ரப்பர் சத்தத்தை இத்தனை நாளும் விளையாட்டு என்றே நினைத்திருந்தாள். வரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை; கழுதை மாதிரி உழைத்திருக்கிறாள். அந்த உண்மை அவளைச் சமாதானப்படுத்தியிருக்க வேண்டும். பதிலாக எரிச்சல் இரட்டிப்பானது. என் வாயிலிருந்து வந்த வார்த்தைக்கு அவளுக்குக் கைதட்டலா? நான் எரிச்சலில் கத்தினேன், அவள் அதைப் பொறுக்கி எடுத்து மாலை கட்டிப் போட்டுக்கொண்டாள். நான் கத்தியபடியே பாத்திரத்தையும் கழுவினேன்.

அப்படியானால் அதை நானே வாசிக்கிறேன் என்று முடிவு செய்தாள்.

ஆனால் எங்கே பழகுவது? மாலை ஐந்தரைக்கு அவள் வீட்டுக்குள் நுழையும்போது செட்டில் தங்கை உட்கார்ந்திருப்பாள். எட்டு மணி வரைக்கும் இறங்கமாட்டாள். அந்த நேரத்தில் அக்காவுக்குச் சமையல், துணி, பாத்திரம். ஆகவே ஆலையில் சாப்பாட்டு நேரத்தில், மடித்து அடுக்கிய துண்டுகளின் மேல் குச்சியால் தட்டிப் பழகினாள். விரிப்பின் மறுமூலையைப் பிடிக்கும் எதிர்மூலைக்காரி அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். ஒரு நாள் மட்டும், "யாரு மேல இவ்வளவு கோவம்?" என்றாள்.

துண்டு குச்சியைத் திருப்பித் தூக்கிவிடாது. டிரம் தோல் தூக்கிவிடும். இந்த வித்தியாசம் அவளுக்குத் தெரியாததல்ல. அவசரத்தில் மறந்துபோனாள்.

தேர்வு நாள். டயர் கடைக்கு மேலிருந்த பயிற்சி அறையில் அவள்தான் முதலில் உட்கார்ந்தாள். பாட்டு ஒழுங்காகப் போனது. பல்லவிக்கு முன் கீபோர்டும் பேஸும் நின்றன. நாலு எண்ணிக்கை காலி. அவள் அடித்தாள். இரண்டு வாரமாகத் துண்டில் ஊறிய கைக்குத் தோல் எகிறிக்கொடுத்தது; ஒரு அடி இரண்டாகத் துள்ளியது. எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ள வேறு வழி தெரியாமல் வாய்விட்டுச் சொன்னாள். கூடப்பாடுவதற்காக டிரம் பக்கத்தில் எப்போதும் வைத்திருக்கும் மைக் திறந்திருந்தது. அறை முழுக்க, ஸ்பீக்கர் அதிர, அவள் குரல் கேட்டது:

"பாத்திரத்த கழுவிட்டுப் போடி!"

நெட்டையன் கிதாரோடு சுவரில் சாய்ந்துவிட்டான். "யாரு, நானா? இதோ போறேன்மா!" கீபோர்டுக்காரருக்குக் கண்ணில் தண்ணீர். ஆனாலும் சிம்பல் சரியான இடத்தில் விழுந்தது, பல்லவியும் சரியான இடத்தில் தொடங்கியது. சிரிக்காமல் இருந்தவள் தங்கை ஒருத்திதான். அவள் முகம் வெளுத்திருந்தது.

அடுத்துத் தங்கை உட்கார்ந்தாள். அக்கா வாசித்துவிட்டதால் அந்த ஃபில்லைத் தொடவில்லை. 'எத்தன வாட்டி' வந்தது, வாயைத் திறக்காமல், சுத்தமாக.

"இதுல பேசறதுக்கு என்ன இருக்கு?" என்றார் கீபோர்டுக்காரர். "கடிகாரம், தப்பா எடுத்துக்காத. இது பிறவிக் கை. கடவுள் குடுத்தது."

"கடவுள் எத்தன மணிக்கு வந்து குடுத்தாரு?"

"என்னது?"

"நேரம் கேக்கறேன். மத்தியானம் ஒரு மணிக்கு உக்காந்தா இவ எட்டு மணி வரைக்கும் எந்திரிக்கமாட்டா. ஏழு வருஷமா. அந்த நேரத்துல சமைச்சது, தொவச்சது, கழுவினது யாரு? கடவுளா? எங்க வீட்டு சமையல்கட்டுல ஒரு நாளும் நான் அவரப் பாத்ததில்லயே!"

"அக்கா, வீட்டுல போயி பேசிக்கலாம்," என்றாள் தங்கை.

"இல்ல இல்ல, இங்கயே பேசுங்க," என்றான் நெட்டையன். அவனும் இப்போது சிரிக்கவில்லை.

"அவ உழைக்கலன்னு நான் சொல்லல. நாய் மாதிரி உழைக்கறா, கண்ணால பாத்தேன். அந்த உழைப்புக்கு நேரம் எங்கேருந்து வந்துச்சுன்னுதான் கேக்கறேன். அது என் சாயங்காலம். கடவுள் குடுக்கல, நான் குடுத்தேன்."

கீபோர்டுக்காரர் வயர்களைச் சுருட்டத் தொடங்கினார். "நீ சொல்றது நியாயம்தாம்மா. ஆனா மேடைக்கு நியாயத்த ஏத்த முடியாது. வாசிக்கறவங்களத்தான் ஏத்த முடியும்." ஸ்டூல் தங்கைக்குப் போனது. நியாயம் என்று ஒப்புக்கொண்டுவிட்டு அதைச் செய்யாமலிருப்பவர்கள், ஒப்புக்கொண்டதையே ஒரு பெருந்தன்மையாக நினைத்துக்கொள்கிறார்கள்.

பஸ்ஸில் இருவரும் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் தங்கை பையை எறிந்தாள்.

"உனக்கு என்மேல பொறாமை."

"ஆமாண்டி."

அக்கா செருப்பைக் கழற்றி வாசலோரம் விட்டாள்.

"பொறாமைதான். வயிறு எரியுது. உன் குச்சி கீழ விழுந்தப்ப சந்தோஷப்பட்டேன். இன்னும் வேற என்ன தெரியணும் உனக்கு? நாளைலேருந்து அஞ்சரைலேருந்து எட்டு வரைக்கும் செட் எனக்கு. சமையல்கட்டு உனக்கு. ஆறு மாசம் கழிச்சு மறுபடி ஆள் எடுப்பாருல்ல? அப்ப உக்காந்து பாக்கலாம்."

"எனக்கு மத்தியானம் மட்டும் பத்தாது."

"எனக்கு ஒண்ணுமே இல்லாம பத்துச்சே."

மறுநாள் ஐந்தரை மணிக்குத் தங்கை சமையலறைக்குப் போனாள். விருப்பத்தோடு போகவில்லை, பாத்திரங்கள் விழுந்த சத்தத்திலேயே தெரிந்தது. அக்கா ஸ்டூலின் உயரத்தைத் தனக்குச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். வீட்டு வார்த்தைகளையெல்லாம் தங்கை ஏற்கெனவே எடுத்துவிட்டாள். ஆகவே வார்த்தை தேடி அவள் மனம் சலவை ஆலைக்குப் போனது. மேற்பார்வையாளர் இருபத்து மூன்று வருடமாக அவள் காதில் ஓதுவது: "மூலையப் பிடி, மூலையப் பிடி, விடாத, விடாத." ஐந்து, ஐந்து, மூன்று, மூன்று. மொத்தம் பதினாறு அடி, எண்ணிக்கைக்கு நாலாக, நாலு எண்ணிக்கைக்குள் மயிரிழை பிசகாமல் அடங்கியது. அடங்குகிறது என்று கண்டுபிடித்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் கை கேட்கவில்லை. இரண்டாவது ஐந்தில் வலது கை வர வேண்டிய இடத்தில் இடது கை வந்து நின்றது. இரண்டாவது வாரம் முடிந்தும் பத்தில் ஏழு முறை சறுக்கியது.

அன்று பதினெட்டாவது முறை அடித்துக்கொண்டிருந்தபோது சமையலறைச் சத்தம் நின்றது. தங்கை சோப்பு நுரைக் கையோடு வந்து கதவோரம் நின்றாள்.

"இது என்ன வார்த்தை? இத நீ வீட்டுல சொன்னதே இல்லயே."

"உன் வேலையப் பாரு."

"சொல்லேன்."

"மாட்டேன்."

தங்கை தலையைச் சாய்த்து, உதட்டுக்குள் எண்ணிப் பார்த்தாள். பிறகு ஈர விரல்களால் கதவு நிலையில் தட்டினாள். ஐந்து, ஐந்து, மூன்று, மூன்று. முதல் தடவையிலேயே, பிசிறில்லாமல்.

ஏழு வருடப் பழக்கம், அதைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அக்காவுக்குத் தெரியும். தெரிந்ததால் எரிச்சல் குறைந்துவிடவில்லை.

"ரெண்டாவது அஞ்ச இடது கையில ஆரம்பி அக்கா. அங்கதான் சிக்குது," என்றாள் தங்கை.

"கதவ சாத்திட்டுப் போடி."

கதவு சாத்தப்பட்டது. அவள் குச்சியை மடியில் துடைத்துவிட்டு, பத்தொன்பதாவது முறை, இடது கையில் ஆரம்பித்தாள்.