அக்கா பட்டாளத்துக்குப் போன கதை

எங்கள் அக்கா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதாக நீடாமங்கலத்தில் இன்றைக்கும் நம்புகிறவர்கள் உண்டு. அந்தச் செய்தியைக் கிளப்பிவிட்டவர் அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா. ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்று வந்து, ரயிலடிக்குத் தெற்கே சம்பா சாகுபடி செய்துகொண்டிருந்தார். ராணுவத்தில் அவர் பார்த்தது ஸ்டோர் கணக்கு வேலைதான். ஆனால் மீசை எல்லை வரைக்கும் போய்வந்த மீசை. அதனால் பட்டாளம் என்று அவர் பேச்செடுத்தால் எங்கள் குடும்பத்தில் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அக்கா சென்னையில் கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு வந்தவள், சாப்பிட்டுக்கொண்டே ஒரு கல்லூரியைப் பற்றிச் சொன்னாள். பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கும் பொறியியல் கல்லூரி, தொடங்கி இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்போது அங்கே ராஜாவின் தலையை எடுத்துவிட்டு ஜனங்களே நாட்டை நடத்தத் தொடங்கியிருந்த நேரம். நாலு பக்கமும் சண்டை. பாலம் கட்டவும் பீரங்கி வார்க்கவும் படித்த ஆளில்லை. ஊர் ஊராகப் பரீட்சை வைத்துப் புத்திசாலிப் பையன்களைப் பொறுக்கியெடுத்து அந்தக் கல்லூரியைத் தொடங்கியிருக்கிறார்கள். அப்புறம் வந்த சக்கரவர்த்தி அதை ராணுவத்தோடு சேர்த்துவிட்டார். அதனால் இன்றைக்கும் அங்கே படிக்கிறவர்களுக்குக் கறுப்புச் சீருடை, இரண்டு முனை வைத்த தொப்பி, இடுப்பில் வாள். பெண்களைச் சேர்த்துக்கொண்டது அப்பா கைக்குழந்தையாக இருந்த காலத்தில்தானாம்.

வெளிநாட்டுப் பிள்ளைகளையும் எடுக்கிறார்கள், பரீட்சை வைப்பவர்கள் நம் நாட்டுக்கே வருகிறார்கள் என்றாள். அப்பா கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்.

“யார் வீட்டுப் பொண்ணுன்னு கேப்பாங்களா?”

“கேக்க மாட்டாங்கப்பா. கணக்கை மட்டும்தான் கேப்பாங்க.”

அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. எனக்கு வாள் பிடித்திருந்தது.

கார்த்திகையில் அக்கா பரீட்சைக்குப் போனாள். ஒரு அறை, ஒரு கரும்பலகை, ஒரு பிரெஞ்சுக்காரர், அவ்வளவுதான். சாக்பீஸைக் கையில் கொடுத்துக் கேள்வியைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாராம். பாதியில் அக்காவுக்கு வழி அடைத்துப்போயிற்று. அவர் உதவிக்கும் வரவில்லை, முகமும் சுளிக்கவில்லை. அக்கா கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தாள். பிறகு எழுதியதை முழுக்க அழித்துவிட்டு வேறு பக்கமிருந்து தொடங்கினாள். அப்போதுதான் அந்த மனிதர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாராம். இதை போனில் சொல்லும்போது அக்காவின் குரல் வேறு மாதிரி இருந்ததாக அம்மா சொன்னாள்.

பொங்கல் முடிந்து, வயலில் அறுவடை மெஷின் இறங்கியிருந்த சமயம் முடிவு வந்தது. அக்காவுக்கு இடம் கிடைத்துவிட்டது. செலவையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். அம்மா சாமி விளக்கை ஏற்றினாள். ஆனால் மறுநாளே வீடு அமைதியாகிவிட்டது. காரணம், மயிலாடுதுறை அத்தை.

அத்தை, அப்பாவின் அக்கா. தாயில்லாத அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். எங்கள் அக்கா பிறந்த அன்றே, இது என் வீட்டு மருமகள் என்று சொல்லி மோதிரம் போட்டாராம். அத்தான் மயிலாடுதுறையில் பம்புசெட் ரிப்பேர் கடை வைத்திருந்தார். எனக்குப் பலாச்சுளை வாங்கித் தரும் நல்ல மனிதர். கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் யாரும் சரியென்றும் சொன்னதில்லை, இல்லையென்றும் சொன்னதில்லை. இப்போது சொல்லியாக வேண்டும். அப்பாவால் அது முடியாது. லீவு போட்டு ஊருக்கு வந்திருந்த அக்கா, கொல்லைப்படியில் உட்கார்ந்து மொச்சை உரித்தபடி, “அத்தைகிட்ட அப்பா பேசமாட்டாங்க. நான் போகாமலே இருந்துடறேம்மா” என்றாள்.

விஷயம் பெரியப்பாவிடம் போயிற்று. வந்தார். அக்காவின் போனில் அந்தக் கல்லூரிப் பெண்கள் தொப்பியும் வாளுமாகப் பாரிஸ் வீதியில் அணிவகுத்துப் போகும் படத்தை வெகுநேரம் பார்த்தார். இது யாருக்குக் கீழே வருகிறது, கல்வி மந்திரிக்கா என்று கேட்டார். பாதுகாப்பு அமைச்சகத்துக்குக் கீழே என்றாள் அக்கா. பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டார். “உங்க அத்தையை வரச் சொல்லு” என்று அப்பாவைப் பார்க்காமல் அக்காவிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை கும்பகோணத்தில் பஸ் மாறி வந்து சேர்ந்தார். கையில் பூவும் பழமும் இருந்தன. எதற்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவராக ஒன்று நினைத்துக்கொண்டிருந்தார் என்பது அவற்றைப் பார்த்தாலே தெரிந்தது. அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். நம் பெண்ணைப் பிரெஞ்சு மிலிட்டரியில் எடுத்துவிட்டார்கள். ஆர்டர் வந்துவிட்டது. ஆர்டர் வந்தபிறகு போகமாட்டேன் என்று சொல்ல அவளுக்கும் உரிமையில்லை, நமக்கும் இல்லை. படிப்பு முடிகிறவரை கல்யாணம் என்ற பேச்சே கூடாது, அது அங்கே சட்டம். அதற்கப்புறம் எந்த ஊரில் போடுவார்களோ தெரியாது. இப்படிப்பட்ட பெண்ணுக்காக உன் பிள்ளையைக் காக்க வைக்க எனக்கு மனசு வரவில்லை. இதையெல்லாம் ஆணை படிப்பதுபோலச் சொன்னார்.

எனக்குத் தாங்கவில்லை. பெரியப்பா தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார், ஒருவரும் திருத்தவில்லையே என்று பதறிப்போய் எழுந்து நின்றேன்.

“இல்ல அத்தை, அது பட்டாளம் இல்ல. கணக்குப் படிக்கிற காலேஜ். வெளிநாட்டுக்காரங்க சண்டைக்கே போக வேண்டாமாம். அக்காதான் சொன்னா.”

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. பெரியப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் உட்கார்ந்துவிட்டேன். அத்தை என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். தலை குனிந்திருந்த தம்பியைக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தார். அக்காவின் கண் நிறைந்திருந்தது. அத்தை அவளிடம் போனைக் கேட்டு வாங்கி, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார்.

“இந்தத் தொப்பி தலையில நிக்குமா?”

“ஊசி குத்திக்குவாங்களாம் அத்தை.”

“உனக்கு முடி ஜாஸ்தி. நிக்கும்.”

பூவை எடுத்து அவரே அக்காவின் தலையில் வைத்துவிட்டார். பிறகு பெரியப்பாவிடம், “மிலிட்டரின்னா சரிதான் அண்ணே. எங்க வீட்லயும் அப்படியே சொல்லிடறேன்” என்றார். அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அக்கா அந்த வருஷமே பாரிசுக்குப் போனாள். தொப்பி நின்றது. தொப்பியோடு அவள் அனுப்பிய படத்தை அத்தான் தன் கடையில் மாட்டினார். அவருக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்தபோது அக்காதான் அங்கிருந்து சட்டை வாங்கி அனுப்பினாள்.

ஆனால் அன்றைக்கு என் கவலையெல்லாம், நான் சொன்னது அத்தைக்குக் காதில் விழவில்லையோ என்பதுதான். சாயங்காலம் பஸ் ஏற்றிவிடப் போனபோது அவர் கையைப் பிடித்து இழுத்து இன்னொரு தரம் சொன்னேன், அது நிஜமாகவே கணக்குக் காலேஜ் என்று. அத்தை குனிந்து என் கன்னத்தைத் தொட்டார்.

“கேட்டுச்சு கண்ணு. நீ இதை வெளியில யார்கிட்டயும் சொல்லாத.”

பஸ் போன பிறகு வெகுநேரம் யோசித்தேன். வெளியில் சொல்லக்கூடாத அளவுக்கு அதில் ரகசியம் இருக்கிறதென்றால், பெரியப்பா சொன்னதுதான் உண்மையாக இருக்க வேண்டும். கணக்கு என்று அக்கா சொன்னது எனக்காகச் சொன்ன சமாதானம். மறுநாள் பள்ளியில், பக்கத்தில் உட்காரும் பெண்ணிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, அக்கா பட்டாளத்துக்குப் போகிறாள் என்று சொன்னேன்.