வாயிலிருந்து எடுத்துக் கொடுத்த காற்று

கடலுக்கு அடியில் பேச முடியாது என்பதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தத் தொழிலுக்கு வந்திருப்பேனா என்பது சந்தேகம்தான். கோவில்பட்டியில் பஸ் ஏறி விளாத்திகுளத்தில் இறங்குவதற்குள், பக்கத்து சீட்டுக்காரம்மாவின் மகளை எந்த ஊரில் கொடுத்திருக்கிறார்கள், மாமியார் எப்படி என்பதுவரை கேட்டுக்கொண்டு இறங்குகிற ரகம் நான். பள்ளிக்கூடம் பன்னிரண்டாவதோடு சரி. மற்றதெல்லாம் இப்படி ஆட்களிடம் வாய் கொடுத்துக் கற்றதுதான்.

அந்தமானில் ஸ்கூபா சொல்லிக்கொடுக்கும் ஒரு கடையில் சமையலுக்கு ஆள் வேண்டும் என்று தெரிந்த அக்கா ஒருத்தி கூப்பிட்டாள். போனேன். சமையல் முடிந்த மத்தியான நேரங்களில் அங்கிருந்தவர்கள் என் முதுகிலும் காற்று டேங்க்கைக் கட்டி என்னைக் கடலில் இறக்கினார்கள். எங்கள் பக்கத்துக் கரிசல் மண் இருக்கிறதே, மழை பெய்தால் செருப்போடு சேர்த்துக் காலை இழுக்கும். காய்ந்தால் வெடித்து, அந்த வெடிப்பில் காலைப் பிடிக்கும். எதுவும் என் காலைப் பிடிக்காமல் நான் இருந்தது முதன்முதலாகக் கடலில் இறங்கிய அன்றைக்குத்தான். அந்த ஒரு நாளுக்காகவே அப்புறம் மூன்று வருஷம் விடாமல் முங்கினேன். மற்றவர்களுக்குத் துணையாகக் கூடப் போகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

ஆனால் கூடப் போகிறவள் வேறு, சொல்லிக்கொடுக்கிறவள் வேறு. சீசன் முடிந்தால் கூடப் போகிறவளைத் திரும்ப அடுப்படிக்கு அனுப்பிவிடுவார்கள். சொல்லிக்கொடுக்க இன்ஸ்ட்ரக்டர் பரீட்சை தேற வேண்டும். அதைக் குறைந்த செலவில் படிக்க வழி இருந்தது தாய்லாந்தில் ஒரு சின்னத் தீவில்தான். அங்கே ஒரு கடையில் டேங்க் சுமந்து, நனைந்த உடுப்புகளை அலசிக் காயப்போட்டால் தங்க இடம் உண்டு, படிப்பிலும் சலுகை உண்டு என்றார்கள். ஒரு பையில் துணி, ஒரு பையில் பருப்புப்பொடி, மோர்மிளகாய், மூன்று கிலோ கடலைமிட்டாய். காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு கடலைமிட்டாயும் ஒரு சொம்புத் தண்ணீரும் போதும். அரை வயிறு நிறைந்துவிடும். மீதி அரை வயிற்றைத்தான் பேச்சு நிரப்புமே.

விசா முடிவதற்கு இரண்டு நாள் முன்னால் பரீட்சை. தேறினால் அந்தமான் கடையிலேயே இன்ஸ்ட்ரக்டர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தவறினால் பழைய அடுப்படி. இன்னொரு தடவை தாய்லாந்து போய்ப் பரீட்சைக்கு உட்கார எனக்கு வழி கிடையாது. 'ஆனைக்கும் அடி சறுக்கும்' என்பார்கள். ஆனை சறுக்கினால் எழுந்து நடக்கும். எனக்கு ஒரே அடிதான்.

அந்தக் கடையில் டேங்க்குகளுக்குக் காற்று நிரப்புகிறவர் தூத்துக்குடிக் கடற்கரைக்காரராக இருந்தது என் அதிர்ஷ்டம். நாற்பதை நெருங்கியவர். அவருடைய அப்பா டேங்க் எதுவும் இல்லாமல் மூச்சைப் பிடித்துச் சங்கு குளித்தவராம். போன முதல் நாளே என் தமிழைக் கேட்டுவிட்டு வந்து நின்றார்.

"எந்த ஊரு பிள்ள?"

"கோவில்பட்டிப் பக்கம் அண்ணாச்சி."

"கோவில்பட்டியா? அங்கன மழத்தண்ணியவே வருசத்துக்கு நாலு நாளுதான பாப்பிய. உனக்குக் கடல்ல என்ன சோலி?"

"உங்க ஊருக் கடலு எங்க ஊருக்கு வரல. அதான் நாங்க வாரோம்."

"வாயப் பாரு. உள்ள எறங்கு, அங்கன வச்சுப் பேசு பாப்போம்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

படிப்பு நன்றாகவே போனது. பாடம் நடத்தியது ஐரோப்பாக்காரப் பெண்மணி ஒருவர். நிதானமானவர், என் இங்கிலீஷுக்காகத் தன் இங்கிலீஷை மெதுவாக்கிக் கொண்டவர். எழுத்துத் தேர்வுக்கான காற்றழுத்தக் கணக்குகளை எல்லாம் நான் குக்கரும் விசிலுமாக மாற்றி மனசில் ஏற்றிக்கொண்டேன். நீச்சலும் சரி. இடறியது ஓர் இடத்தில்தான். அப்படி ஓர் இடம் இருக்கும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

டேங்க்கிலிருந்து குழாய் வழியாக வருகிற காற்றை இழுக்க, வாயில் கடித்துக்கொள்கிற ஒரு ரப்பர் முனை இருக்கும். ரெகுலேட்டர் என்பார்கள். அவசரத்துக்கென்று இரண்டாவதாக ஒன்றும் எல்லாரிடமும் இருக்கும். கடலுக்கடியில் ஒருவருக்குக் காற்று தீர்ந்துவிட்டால் கத்தியால் அறுப்பது போலக் கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டுவார். பல இடங்களில் அந்த இரண்டாவதைக் கொடுப்பார்கள். இந்தக் கடையில் முறை வேறு. நம் வாயில் இருப்பதையே எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டு, கழுத்தடியில் தொங்குகிற மற்றதை நாம் கவ்விக்கொள்ள வேண்டும். நிச்சயமாக வேலை செய்கிறது என்று தெரிந்தது நம் வாயில் இருப்பதுதானே என்பது அவர்கள் நியாயம். நல்ல நியாயம்தான்.

பழக்கத்துக்கு, காற்று தீர்ந்தவராக நடிக்க அண்ணாச்சி கூட இறங்குவார். அவர் கழுத்தை அறுத்துக் காட்டினார். நான் என் வாயில் இருந்ததை எடுத்தேன். கடல் தண்ணீரில் அதை இரண்டு அலசு அலசினேன். கடித்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் துடைத்தேன். பிறகு கொடுத்தேன்.

மேலே வந்ததும் அந்தப் பெண்மணி கேட்டார், "நடுவில் என்ன செய்தாய்?"

"துடைத்தேன்."

"எதை?"

"என் எச்சிலை."

அவர் சிரிக்கவில்லை. "கடலுக்குள் இருக்கும்போது கடல் தண்ணீரில் கழுவினாய்" என்று மட்டும் சொன்னார். அருகில் நின்ற அண்ணாச்சிதான் தமிழில் போட்டு உடைத்தார்.

"நான் செத்து, அடக்கம் பண்ணி, முப்பதாம் நாள் பூசையும் முடிஞ்சிருக்கும். இவ இன்னும் தொடச்சிக்கிட்டு நிக்கா."

அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன். மறுநாள் கவனமாக இருந்தேன், துடைத்தேன். அதற்கு மறுநாள் துடைக்கவே கூடாது என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன், துடைத்தேன். மனசு மறந்தாலும் கை மறக்கவில்லை. நான்காம் நாள் அந்தப் பெண்மணி என்னைத் தனியாக உட்கார வைத்தார். "உன்னிடம் மற்ற எல்லாம் சரியாக இருக்கிறது. இது நான்கு விநாடி. மூச்சு முட்டுகிறவருக்கு நான்கு விநாடி என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். தேர்வாளர் இதைப் பார்த்தால் உன்னைத் தேற்ற மாட்டார். தேற்றவும் கூடாது" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. வருத்தமாகச் சொன்னார்.

அன்று மத்தியானம் காற்று நிரப்பும் கொட்டகையில் டேங்க்குகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி மெஷினை நிறுத்திவிட்டு வந்தார்.

"என்னத்துக்குட்டி இந்தத் தொடை தொடைக்க? என் வாய்க்கு என்ன கொறச்சல்?"

"உங்க வாயி இல்ல அண்ணாச்சி. என் வாயி."

"உன் வாய்க்கு என்ன?"

சொன்னேன். எதையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிப் பழகியவள், இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் சொன்னேன். சின்ன வயதில் அம்மாவோடு பருத்தி எடுக்கப் போவேன். பருத்திக் காட்டுக்குச் சொந்தக்காரர் வீட்டில் தண்ணீர் கேட்டால் குனிந்து கையை ஏந்தச் சொல்வார்கள். மேலே இருந்து ஊற்றுவார்கள். செம்பு எங்கள் தெருக்காரர்கள் கைக்கு வராது. அம்மா அப்புறம் வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுபோக ஆரம்பித்தாள். யாரிடமும் கேட்கவும் மாட்டாள், தன்னுடையதை யாருக்கும் நீட்டவும் மாட்டாள். 'அவிய ஒண்ணு சொல்லுததுக்கு முன்ன நாமளே ஒதுங்கிக்கிடணும்' என்பாள். வாய் வைத்த எதையும் அடுத்தவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் சொல்வதுதான். எங்கள் வீட்டில் அதைச் சொல்லும்போது குரல் வேறு மாதிரி இருக்கும்.

அண்ணாச்சி கையிலிருந்த துணியைக் கீழே போட்டார். பிறகு, "எங்க கரையிலயும் உண்டும். இல்லன்னு சொன்னாப் பொய்யி. வள்ளத்துல கெடையாது. கரை கண்ணுக்கு மறைஞ்சிட்டா ஒரு கொடம், ஒரு தம்ளரு, ஆறு வாயி" என்றார்.

நான், "ஆபத்துக்குப் பாவமில்லைன்னு சொல்லுவாவள்லா அண்ணாச்சி" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தச் சொலவடையும் அதைப் பாவம் என்றுதான் வைத்திருக்கிறது. ஆபத்துக்காக மன்னித்து விடுகிறது, அவ்வளவுதான்.

அவர் என் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். நான் அண்ணாந்து ஊற்றித்தான் குடிப்பேன். அதில் என் உதடு பட்டதே இல்லை. "மொதல்ல நீ குடி. வாய் வச்சு" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி."

"பரிச்சைக்குப் படிக்கியா இல்லியா? குடி."

குடித்தேன். நீட்டும்போது என் சட்டைநுனி தானாகப் பாட்டில் வாய்க்குப் போனது.

"சவத்த விடு. தொடைக்காத."

வாங்கி, உதட்டில் வைத்து, மடக் மடக்கென்று பாதியைக் குடித்தார். எனக்குத்தான் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் புறங்கையால் மீசையைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி சுடுது. நாளைக்கு நெழல்ல வையி" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. இன்றுவரை அந்த ஒன்றும் சொல்லாததற்காகவே அவரை நினைத்துக்கொள்கிறேன்.

பரீட்சைக்கு ஏழு நாள் இருந்தது. ஏழு நாளும் அந்தக் கொட்டகையில் ஒரே பாட்டில்தான். நான் ஒரு வாய், அவர் ஒரு வாய். கை சட்டைநுனிக்குப் போனால், "தீப்பெட்டி ஆபீசுல சம்பளம் போட்டுத் தொடைக்கச் சொல்லிருக்காவளோ" என்பார். என் அம்மா தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு இதுவே வேலை. கடையில் கூடப் படித்த மற்ற இரண்டு பேரும் இது ஏதோ இந்தியப் பயிற்சி என்று நினைத்துத் தாங்களும் வாங்கிக் குடித்தார்கள். ஐந்தாம் நாள் கை போகவில்லை. ஆறாம் நாள் போனது. ஏழாம் நாள் கையிரண்டிலும் டேங்க் இருந்ததால் கணக்கில் சேர்க்க முடியவில்லை.

பரீட்சையன்று வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்தார். மாணவராக நடிக்க அண்ணாச்சியை விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வேறு கடையிலிருந்து பரீட்சைக்கு வந்திருந்த ஒருவரை என்னோடு இறக்கினார்கள். ஆறடிக்கு மேல் உயரம், பொன்னிறத் தாடி. பெயரைத் தவிர எதுவும் தெரியாது. பேசித் தெரிந்துகொள்ளவும் அவகாசம் இல்லை. யாரென்றே தெரியாத ஒருவரோடு பேசாமல் நான் இவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை.

கீழே மணல் வெள்ளையாக இருந்தது. தேர்வாளர் எங்களுக்குப் பின்னால் எழுதும் பலகையோடு மிதந்தார். எப்போது வரும் என்று சொல்ல மாட்டார்கள். நான் ஒரு பாடத்தைச் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். தாடிக்காரர் திரும்பினார், கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்தார்.

என் கை வாய்க்குப் போனது. எடுத்தது. அந்த இடத்தில் ஒரு நொடி, மிகச் சின்ன நொடி, விரல் மடங்கியது எனக்குத் தெரியும். மடங்கிய விரலோடேயே நீட்டினேன். அவர் அதைப் பிடுங்காத குறையாக வாங்கி வாயில் வைத்துக் கடித்தார். குமிழி வந்தது. நான் மற்றதைக் கவ்வி மூச்சை இழுத்தேன். எனக்கும் குமிழி வந்தது. அவர் என் தோள்வாரைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகச் சேர்த்து 'சரி' என்று காட்டினார். என் டேங்க் ஒன்று, வாய் இரண்டு. அப்படியே மெதுவாக மேலே வந்தோம்.

படகில் தேர்வாளர் பலகையைப் பார்த்துப் படித்தார். காற்றுப் பகிர்வு சரி, தாமதம் இல்லை. ஒரே ஒரு குறை. மேலே ஏறும்போது என் முகக்கண்ணாடிக்குள் பாதி தண்ணீர் ஏறியிருந்ததாம். "என்ன ஆனது?" என்று கேட்டார். சிரித்தால் கன்னம் விரிந்து கண்ணாடி இளகும், தண்ணீர் உள்ளே வரும். அதைச் சொன்னேன். அரை மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டார். தேறிவிட்டேன்.

அம்மாவுக்குப் போன் போட்டபோது அங்கே டீ நேரம். தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் மற்ற பெண்களோடு நிற்கிறாள் என்பது சத்தத்திலேயே தெரிந்தது.

"என்னட்டி, ஆச்சா?"

"ஆச்சும்மா. பாஸ்."

"அப்ப டீச்சர் ஆயிட்டியா. பரிச்சையில என்ன கேட்டாவ?"

காற்றழுத்தம், ஆழக் கணக்கு என்று எத்தனையோ இருந்தது சொல்ல. "தண்ணிக்குள்ள ஒருத்தருக்கு மூச்சு முட்டுச்சும்மா. நான் என் வாயில இருந்த கொழாய எடுத்து அவியளுக்குக் கொடுத்தேன்" என்றேன்.



"உன் வாயில இருந்ததையா?"

"ஆமா."

"கழுவாமலா?"

"கழுவாமத்தான்."

யாரோ டீ கிளாஸைக் கேட்டார்கள். அம்மா அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை.

"அவிய வாங்கிக்கிட்டாவளா?"

"வாங்கிக்கிட்டாவம்மா."

போனைக் கையால் மூடினாள் போலிருக்கிறது. மூடிய பிறகும் அவள் குரல் எனக்குக் கேட்டது. பக்கத்தில் இருந்த பெண்களிடம் சொன்னாள். நான் பாஸானதைச் சொல்லவில்லை. "வாங்கிக்கிட்டாவளாம்" என்றாள். ஒருத்திக்குக் காது கேட்கவில்லை போல. இன்னொரு தடவையும் சொன்னாள்.