குழியில் கொட்டிய நாக்கு மீன்

என் வீட்டில் பினாயில் பாட்டில் இருக்கக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடிப்பதை மருமகள் வயதான காலத்துக் குணம் என்று நினைக்கிறாள். போன வாரம் எனக்குத் தெரியாமல் ஒன்று வாங்கி வைத்துவிட்டாள். குளியலறையில் அவள் மூடியைத் திறந்ததும் கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் குமட்டியது. எழுந்து தெருவுக்கே வந்துவிட்டேன். காரணம் கேட்டாள். சொல்லவில்லை. சொன்னால் அவள் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும்.

எழுபதுகளின் தொடக்கத்தில், கும்மிடிப்பூண்டியிலிருந்து எளாவூர் போகும் சாலையோரம் ஒரு இறால் கொட்டகையில் நான் கிளார்க். நெல் விளைகிற ஊரில் பிறந்தவன். எனக்குத் தெரிந்த மீனெல்லாம் ஏரிக் கெண்டையும் கெளுத்தியும்தான். இறாலின் தலையைக் கிள்ளி ஓடு உரிக்கப் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து பெண்கள் வருவார்கள். அவர்களுக்குத் தலைவி மேஸ்திரியம்மா. அவருடைய கணவர் ஏரியில் வலை போட்டுக்கொண்டிருந்தவர். வயிற்றுப்புண் வந்து அவர் படுத்த பிறகுதான் இந்த அம்மா வேலைக்கு வந்தார். அந்த மனிதருக்குச் சோற்றோடு தொண்டையில் இறங்கியது ஒன்றே ஒன்றுதான், நாக்கு மீன்.

விசைப்படகின் வலை கடலடியைச் சுரண்டிக்கொண்டு வரும். இறாலுக்குப் போட்ட வலையில், சேற்றோடு சேறாகப் படுத்திருக்கும் நாக்கு மீனும் ஏறிவிடும். தட்டையாக, மாட்டின் நாக்கு மாதிரியே இருக்கும். மேல்பக்கம் பழுப்பு, கீழ்ப்பக்கம் வெள்ளை. இரண்டு கண்ணும் மேல்பக்கத்திலேயே. குஞ்சில் பக்கத்துக்கு ஒரு கண்ணாகத்தான் இருக்குமாம். தரையில் படுக்கும் வயது வந்ததும் ஒரு கண் மெல்ல நகர்ந்து மறுபக்கம் வந்துவிடும் என்று பின்னாளில் படித்தேன். மேஸ்திரியம்மா தலைப்பக்கம் நகத்தால் கீறி, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, குழந்தைக்குச் சட்டை கழற்றுவதுபோல ஒரே இழுப்பில் தோலை உரித்துவிடுவார். நடுவில் ஒரு முள், மீதியெல்லாம் மெத்தென்ற சதை.

கப்பலேறும் இறாலுக்கு நடுவே அது குப்பை. விரல் நீளக் குஞ்சுகள் உட்படக் கூடை கூடையாகக் கொட்டகைக்குப் பின்னாலிருந்த குழிக்குப் போகும். சாயங்காலம் பெண்கள் ஆளுக்கு நாலைந்து பொறுக்கித் தூக்குச் சட்டியில் போட்டுக்கொள்வார்கள். அது மேனேஜர் கண்ணில் பட்டுவிட்டது. "இன்னிக்குக் குப்பை மீனு, நாளைக்கு அதுக்கு அடியில இறாலு" என்றார். குழியில் கொட்டியதும் மீன்மேல் பினாயில் ஊற்ற வேண்டும் என்று சொல்லி டப்பாவை என் கையில் கொடுத்தார்.

முதல் நாள் அவர் பக்கத்திலேயே நின்றார். தண்ணீர் கலக்காத கறுப்புப் பினாயில். மீன்கள் இரண்டு கண்ணையும் மேலே வைத்துக்கொண்டு கிடந்தன. வயிற்றுக்குப் போக வேண்டியதை, போகக் கூடாது என்பதற்காகவே கெடுக்கிறோம். ஆனாலும் ஊற்றினேன். மேஸ்திரியம்மா கொட்டகையின் பின்வாசலில் நின்று பார்த்தார்.

"இன்னா நைனா, துன்ற பொருளு மேல இத்த ஊத்திக்கினு கீற. ஒனக்கே அருவருப்பா இல்ல?"

டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அன்றிலிருந்து ஒருத்தியும் குழிப்பக்கம் போகவில்லை.

மூன்றாவது வாரம் மேனேஜர் மெட்ராஸ் போயிருந்தார். சாயங்காலம் குழியருகே நான் மட்டும். டப்பாவில் இரண்டு செம்புத் தண்ணீரைக் கலந்திருக்கலாம். ஊற்றாமலே திரும்பியிருக்கலாம். கேட்க ஆளில்லை. அப்படியே ஊற்றினேன். பயத்தில் செய்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பொய். பழகிவிட்டது, அவ்வளவுதான். என்னை நினைத்தால் எனக்கே சீ என்றிருக்கிறது.

மறுநாளும் அதற்கு மறுநாளும் மேஸ்திரியம்மா வரவில்லை. அவர் கணவர் ஓயாமல் வாந்தியெடுத்ததாகவும், லாரியில் ஏற்றிப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகவும் பெண்கள் சொன்னார்கள். மூன்றாம் நாள் வந்தார். நானே போய் விசாரித்தேன்.

"கீறாரு. கஞ்சிகூட வயித்துல நிக்கல."

"குழியில இருந்து எடுத்தீங்களா?"

"நாலே நாலு. தோல உரிச்சிட்டா அதோட போயிடும்னு பாத்தேன். நாத்தம் வந்துச்சுதான். நாளெல்லாம் இந்த நாத்தத்துல நிக்கிற மூக்கு, எதுல வருதுன்னு தெரில." தலையைக் குனிந்துகொண்டார். "மேனேஜரு ஊர்ல இல்லியே. நீ தண்ணியத்தான் ஊத்தியிருப்பேன்னு நெனச்சிக்கினேன் நைனா."

திட்டியிருந்தால் தேவலை. தான் செய்த தப்பைச் சொல்வதுபோல வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். பிறகு இறால் குவியலின் முன்னால் போய் உட்கார்ந்தார். தை பிறக்குமுன் அவர் கணவர் போய்விட்டார்.

இப்போது எங்கள் தெருமுனைக் கடையில் அதே மீனை ஐஸில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரே முள்தான், பிள்ளைக்கு நல்லது என்று மருமகள் விலை பார்க்காமல் வாங்குகிறாள். என் தட்டில் வைத்தால் ஒதுக்கிவிடுவேன். நேற்று அந்தப் பினாயில் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"பயப்படாதீங்க மாமா. நான் நிறையத் தண்ணி கலந்துதான் ஊத்தறேன்."